முந்தி உடைத்த பூசணிக்காய்

பூதத்தான் ஆட்டோவை விட்டு இறங்கியபோது ஜன்னத்துல் பிர்தௌஸ் அவரை வேறு யாரோ என்றுதான் நினைத்தாள். கையில் இலை விபூதிப் பொட்டலம், தோளில் குளிக்கிற துண்டு, முகம் நிறைய சிரிப்பு, தலையில் ஒரு முடி கிடையாது. சந்தனம் பூசிய மொட்டை மணிமுத்தாற்று வெயிலில் மின்னியது.

“செந்தூர்ல இருந்து நேரா வாரேன் தாயி. வேண்டுதல முடிச்சாச்சு. எல்லாருக்கும் துன்னூறு கொண்டாந்திருக்கேன்” என்றார்.

பிர்தௌஸ் வாடகைக்குப் பிடித்த ஓட்டுவீட்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ஜன்னலுக்குக் கறுப்புத்துணி கட்டிக்கொண்டிருந்த கேமராக்காரன் செந்தில்முருகன் எட்டிப் பார்த்தான். “யாத்தீ” என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். மேலப்பாளையத்துப் பெண்ணான பிர்தௌஸ் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். முதல் படம். கம்பெனி கிடையாது, ஸ்டார் கிடையாது. கேமராவுக்குக் களக்காட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் செந்தில்முருகன், சத்தம் பிடிக்க அவளுடைய சாச்சா மகன், தம்பி முறையான ஜீஷான், கதாநாயகனாகக் களக்காட்டு வாழைத்தார் மண்டியில் லோடு ஏற்றும் பூதத்தான். அவரை மண்டியில் முதன்முதலில் பார்த்தபோதே பிர்தௌஸ் முடிவு செய்துவிட்டாள். சுருள் சுருளாக நரைத்த அந்தத் தலைமுடி இருக்கிறதே, ஐம்பத்தெட்டு வயதுக்கு அது அநியாயம். செந்தில்முருகன் அதற்கென்றே தனியாக லைட் வைப்பான். படத்தில் பாதி அழகு அதுதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிவான்.

கதையும் சின்னக் கதைதான். இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்ட மகளை ஓர் அப்பன் வீட்டைவிட்டு விரட்டிவிடுகிறான். வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. கடைசியில் களக்காட்டில் பஸ் ஏறி, மணிமுத்தாற்றில் இருக்கும் மகளைத் தேடிப் போகிறான். பஸ் ஏறுகிறவரைக்கும் எடுத்தாயிற்று, அத்தனையிலும் தலை நிறைய முடி. மகள் கதவைத் திறக்கும் அந்த ஒரு காட்சிதான் பாக்கி. அதை நாளைக் காலையில் எடுத்தே ஆகவேண்டும். மகளாக நடிக்கும் முத்துராணி நர்ஸ். வெள்ளிக்கிழமை குவைத்துக்கு விமானம் ஏறினால் திரும்பிவர இரண்டு வருஷம் ஆகும். முடி வளர்கிறவரை காத்திருக்க அவளால் முடியாது. அந்தக் காட்சி இல்லையென்றால் படமும் இல்லை.

“மாமா, நாளைக்கு ஷூட்டிங் இருக்குல்லா? இப்படிப் பண்ணிட்டு வந்து நிக்கீங்களே!” பிர்தௌஸின் குரல் கிறீச்சிட்டது.

பூதத்தானின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. “ஷூட்டிங்கா? படந்தான் முடிஞ்சிட்டே தாயி. மணிமுத்தாத்துக்கு வாங்கன்னதும், நீங்கல்லாம் அருவியில குளிக்கக் கூப்பிடுதிய, கறிச்சோறு இருக்கும்னுல்லா வந்தேன்.”

“முடிஞ்சிட்டுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? பூசணிக்காய் ஒடச்சாச்சுல்லா!”

உள்ளே செந்தில்முருகன் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது. களக்காட்டில் கடைசி நாளன்று லைட் ஸ்டாண்டு ஒன்று சாய்ந்து ஜீஷானின் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. கண்ணேறு பட்டுவிட்டது என்று செந்தில்முருகன் ஒரு பூசணிக்காயை வாங்கி வந்து நடுரோட்டில் உடைத்தான். அதோடு விட்டானா? எல்லாரையும் நிற்கவைத்து போட்டோ எடுத்தான், கை தட்டினான், மேலப்பாளையத்திலிருந்து பிரியாணி வரவழைத்தான். பூசணிக்காய் உடைத்தால் படப்பிடிப்பு முடிந்தது என்று பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். பூதத்தான் தினமும் டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்.

“அப்ப அந்தக் கதவு சீன்? அது எடுக்கலைன்னு தெரியாதா?”

“நீதான தாயி சொன்ன, அந்த சீன விட்ருவோம் மாமான்னு.”

அவள் சொல்லியிருந்தாள்தான். அந்தக் காட்சியில் அப்பன் பேச வேண்டியது ஒரே ஒரு வசனம்: ‘என்னை மன்னிச்சிரு தாயி.’ ஒத்திகையில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தும் பூதத்தானுக்கு அது வரவில்லை. பெத்த மகளிடம் எந்த அப்பன் இப்படிச் சொல்லுவான், நாக்கு புரள மாட்டேன் என்கிறது என்று அடம்பிடித்தார். எரிச்சலில் பிர்தௌஸ், விட்டுருவோம் மாமா, பொறவு பாத்துக்கிடலாம் என்று எழுந்து போய்விட்டாள். அவர் ‘விட்டுருவோம்’ என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். தன்னால் முடியாத காட்சியைப் பிள்ளை பெருந்தன்மையாகத் தூக்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டும் இருக்கிறார்.

இதெல்லாம் நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது. “முடிய எடுக்கதுக்கு முந்தி ஒரு போன் போடக்கூடாதா? ரெண்டு வருசம் மாமா! ரெண்டு வருசமா நாய்பட்ட பாடு பட்டிருக்கேன். அப்படி என்ன தலைபோற வேண்டுதல்? யாருக்காவ?”

பூதத்தான் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதையெல்லாமா கேட்பார்கள் என்கிற பார்வை.

“பின்ன யாருக்காவ? ஒனக்காவத்தான்” என்றார். “ஒத்தப் பொம்பளப் புள்ள, பகலெல்லாம் வெயில்ல கெடந்து கத்துத. இந்தப் படத்த நல்லபடியா முடிக்க வச்சிரப்பா முருகா, ஒனக்கு முடி எறக்குதேன்னு மொத நாளே வேண்டிக்கிட்டேன்.”

 பிர்தௌஸின் உம்மா பொட்டல்புதூர் பள்ளிவாசலில் நேர்ச்சை வைத்திருக்கிறாள், மகளுக்கு இந்தச் சினிமாக் கிறுக்குத் தெளிய வேண்டும் என்று. சவுதியிலிருக்கும் வாப்பா வாட்ஸ்அப்பில் மழை பெய்ததா, மீன் என்ன விலை என்று எல்லாம் கேட்பார், படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. உலகத்தில் இந்தப் படம் முடியவேண்டும் என்று நேர்ந்துகொண்ட ஒரே ஆத்மா இந்த மனிதர்தான். அந்த நேர்த்திக்கடன்தான் இப்போது படத்துக்கு உலை வைத்திருக்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் வீட்டுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

அழுதது போதும் என்று ஆனதும் வேலையைப் பார்த்தார்கள். ஜீஷான் பைக்கை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி டவுனுக்குப் போய், நாடக உடுப்பு வாடகைக்கு விடும் கடையில் ஒரு விக் வாங்கிவந்தான். அதை மாட்டியதும் பூதத்தான் சபையில் பாட்டுப் பாடப்போகும் ராஜா மாதிரி ஆகிவிட்டார். செந்தில்முருகன் கேமராவில் பார்த்துவிட்டு லென்ஸை மூடினான்.

“துண்டக் கட்டிருவோம். வெயில்ல நடந்து வாராரு. தலையில துண்டு கட்டுனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்றாள் பிர்தௌஸ். வேறு வழியும் இல்லை. காது வரைக்கும் இறக்கி இறுக்கமாகக் கட்டிப் பார்த்தார்கள். அழகு போச்சு, ஆனாலும் சமாளிக்கலாம்.

“முத்துராணிகிட்ட மட்டும் யாரும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா சிரிச்சே சீனக் கெடுத்துருவா” என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். முத்துராணி அப்படித்தான். காலேஜ் நாடகத்தில் பிணமாகப் படுத்திருக்கும்போதே சிரித்தவள்.

மறுநாள் காலையில் முத்துராணி வந்து, சேலையை மாற்றிக்கொண்டு நேரே கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். பூதத்தானைக் கால்வாய்க்கரைப் பக்கமாகத் தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு செந்தில்முருகன் முற்றத்தில் ஓரமாக நின்றான். அங்கிருந்து பார்த்தால் படியேறி வருகிறவர், கதவைத் திறக்கிறவள் இரண்டு பேரும் தெரிவார்கள். ஜீஷான் மைக்கைக் கதவு நிலைக்கு மேலே நீட்டினான்.

“மாமா, துண்டு பத்திரம். அந்த ஒரு வசனம் மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதும்” என்று தூரத்திலிருந்தே கத்தினாள் பிர்தௌஸ். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததுமே வசனம் வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஆக்‌ஷன்.”

பூதத்தான் கரையோரமாக நடந்து வந்தார். நடையில் குறை சொல்ல முடியாது. காலம் பூராவும் தார் சுமந்த மனிதர், வெறுங்கையாக நடப்பதற்கே கூச்சப்படுவதுபோல நடந்தார். முற்றத்தைக் கடந்து படிக்கட்டுக்கு வந்தார். கதவைத் தட்டினார். தட்டிவிட்டு, எந்த வீட்டு வாசலுக்குப் போனாலும் அவர் செய்கிறதைச் செய்தார். தலைத்துண்டை உருவி முகத்து வேர்வையைத் துடைத்தார்.

பிர்தௌஸ் ‘கட்’ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

முத்துராணி நின்றாள். அவள் கண் முதலில் அவருடைய முகத்துக்குப் போனது, பிறகு தலைக்கு. இதோ சிரிக்கப்போகிறாள் என்று பிர்தௌஸ் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். முத்துராணி சிரிக்கவில்லை. அவளுடைய கை தானாகவே எழுந்து அந்த மொட்டைத்தலையில் போய் உட்கார்ந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நேற்றைய சந்தனத்தைப் பெருவிரலால் துடைத்தாள்.

“எப்பப்பா?” என்றாள். இது வசனத்தில் இல்லை.

“நேத்து.” இதுவும் இல்லை.

“யாருக்காவ?”

பூதத்தான் துண்டைக் கசக்கிக்கொண்டு கீழே பார்த்தார். “பின்ன யாருக்காவ?” என்றார்.

நேற்று இதே முற்றத்தில், இதே குரலில் பிர்தௌஸிடம் சொன்ன அதே வார்த்தைதான்.  முத்துராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்து, சின்னப்பிள்ளையை அழைத்துப்போவது போல, உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவு பாதி திறந்தே கிடந்தது. உள்ளேயிருந்து, “சாப்பிட்டியளா?” என்று அவள் கேட்டது மைக்கில் விழுந்தது.

“கட்” என்றாள் பிர்தௌஸ். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் வெளியே ஓடிவந்தது பூதத்தான்தான். “துண்ட எடுத்துட்டேன் தாயி! பழக்கதோசம். வசனமும் மறந்து போச்சு. இன்னொருக்க எடுப்போமா?”

“வேண்டாம் மாமா.”

“நேத்தே கெடுத்துட்டேன், இன்னைக்கும்...”

“நீங்க ஒண்ணும் கெடுக்கல. களக்காட்டுல பஸ் ஏறுனவரு நேரா இங்க வரல. செந்தூருக்குப் போயி மகளுக்காவ முடி எறக்கிட்டு வந்திருக்காரு. படம் பாக்குற எல்லாருக்கும் இது புரியும். நான் ரெண்டு வருசமா எழுதியும் எனக்கு வரல.” அவள் நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். “மன்னிச்சிருன்னு நாந்தான் ஒங்கள்ட்ட கேக்கணும். நேத்து அப்படிக் கத்திட்டேன்.”

“அட போ தாயி. மொட்ட போட்டதச் சொன்னதும் போன்ல எங்க வீட்டுக்காரியும் கத்தத்தான் செஞ்சா” என்றார் அவர்.

ஜீஷான் ஹெட்போனைக் கழற்றினான். “சத்தம் சுத்தமா இருக்கு லாத்தா. நடுவுல ஒரு மயில் மட்டும் கத்திட்டு.”

“கத்தட்டும்ல. அது இருக்கட்டும்.”

செந்தில்முருகன் எடுத்ததைச் சின்னத்திரையில் போட்டுக் காட்டினான். எல்லாரும் தலைகளை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். முற்றத்து வெயில் அந்த மொட்டைத் தலையில் விழுந்து, அதன்மேல் முத்துராணியின் கை இருந்தது. அதைப் பார்த்து முத்துராணிக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, பாவிகளா” என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அந்த லைட்டை வைத்தவன் நான் என்பதை யாரும் மறந்துவிடக்கூடாது என்றான் செந்தில்முருகன். லைட் எல்லாம் வைக்கவில்லை, அது வெறும் சூரியன் என்று ஜீஷான் ஞாபகப்படுத்தினான்.

அவர்கள் சாமான்களோடு வந்த வேனின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு பூசணிக்காய் இருந்தது. நேற்று நடந்ததற்குப் பிறகு அதை வெளியில் எடுக்க செந்தில்முருகனுக்குத் துணிச்சல் இல்லாமல் இருந்தது. இப்போது எடுத்துவந்து, நடுவில் சூடத்தை வைத்து, பூதத்தானின் கையில் கொடுத்தான்.

பூதத்தான் அதை வாங்கிக்கொண்டு பிர்தௌஸைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் யாரையும் நம்பத் தயாராக இல்லை.

“நெசமாவே முடிஞ்சிட்டா தாயி? நல்லா யோசிச்சுச் சொல்லு. எறக்குததுக்கு எங்கிட்ட இனி ஒண்ணும் கெடையாது.”

“முடிஞ்சிட்டு மாமா. தைரியமா ஒடைங்க. ஆனா இனிமே யாருக்கு வேண்டுனாலும் தலையில மட்டும் கத்தி வைக்காதீங்க. அடுத்த படத்துக்கு எனக்கு அந்த முடி வேணும்.”

அடுத்த படம் என்று சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. உம்மாவின் காதில் விழுந்தால் பொட்டல்புதூருக்கு இன்னொரு நேர்ச்சை நிச்சயம். விழட்டும், அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

பூதத்தான் சூடத்தைக் கொளுத்தச் சொல்லி, பூசணிக்காயைப் படத்தின் ஆட்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு, லாரிக்குத் தார் ஏற்றுகிற அதே வீச்சில், தலைக்குமேல் தூக்கி ரோட்டில் போட்டு உடைத்தார்.