பூட்டப்பட்ட இருப்புப்பாதை

கடந்த மார்ச் மாதம் பதினான்காம் நாள், என் மனைவி முறைப்படி பணம் கொடுத்து வாங்கிய ரயில் விளையாட்டை, விற்ற கடையே பூட்டிவிட்டது. அவள் இறந்துவிட்டாள் என்பதே அவர்கள் கூறிய காரணம்.

கணினி விளையாட்டு சிறுவர்களுக்குரியது என்று நானும் எண்ணியிருந்தவன்தான். செவிலியராக வார்டு வார்டாக நடந்து ஓய்ந்தவளின் முழங்கால்கள் ஒத்துழைக்க மறுத்தபோது, விடுமுறைக்கு வந்திருந்த மகள் கணினியில் ஒரு ரயிலைக் காட்டினாள். தண்டவாளம் போடலாம், நிலையம் கட்டலாம், நாமே ஓட்டலாம். அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

எங்கே வாங்குவது என்பதில்தான் வழக்கு. இணையத்தில் இரண்டு கடைகள் அதை விற்றன. ஒன்றில் வாங்கினால் விளையாட்டின் கோப்பு முழுவதும் நம் கைக்கு வந்துவிடும். கடையே மூடினாலும் ஓடும். மற்றொன்றில் எல்லாம் கடையிலுள்ள நம் கணக்கிலேயே இருக்கும். ஆனால் வெளியூரிலிருக்கும் மகளும் அதே பாதையில் நுழைந்து ரயில் ஓட்டலாம். முதற்கடையே நன்று என்றேன்.

"பெட்டியில பூட்டி வைக்கவா ரயில் வாங்குறேன்? அதுல என் பொண்ணு வரணுங்க," என்றாள் மனைவி.

அவள் தேர்வு தவறென்று இன்றும் கூறமாட்டேன். ஞாயிறுதோறும் மகள் அங்கிருந்து ஒரு வண்டியை எடுப்பாள். இவள் இங்கிருந்து எடுப்பாள். எதிரெதிரே கடக்கும்போது இருவரும் ஹாரன் அடிப்பார்கள். நிலையங்களுக்கெல்லாம் உறவினர் பெயர்கள். பெரியத்தை சந்திப்பிலிருந்து எந்த வண்டியும் நேரத்துக்குக் கிளம்பாது. சின்ன மச்சான் நிறுத்தத்தில் எதுவுமே நிற்காது. நின்றால் பேச்சுக் கொடுத்துப் பிடித்துக்கொள்வாராம். எனக்குக் கிடைத்தது ஒரு ரயில்வே கேட். அது பெரும்பாலும் மூடியே இருக்கும்.

மனைவி போன பிறகு, அம்மாவின் பாதையை ஒருமுறை திறந்துவிடுமாறு மகள் கேட்டாள். இங்கிருந்து திறந்தால்தான் அவளால் உள்ளே வர முடியும். கடவுச்சொல் கணினியிலேயே பதிவாகியிருந்தது. ஆனால் இறந்தவள் பெயரில் நான் நுழைவது, தந்தையின் கையெழுத்தை மாணவனே போடுவதற்குச் சமம். அதற்காக எத்தனையோ பேரை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன் நான். ஆகவே கடைக்கு உண்மையை எழுதி, இறப்புச் சான்றிதழை இணைத்து, கணக்கை என் பெயருக்கு மாற்றித்தருமாறு வேண்டினேன்.

சுருக்கமாகப் பதில் வந்தது. விற்றது விளையாட்டையன்று, அவள் மட்டும் விளையாடுவதற்கான உரிமையை, அது வாரிசுக்குச் செல்லாது, தெரிவித்தமைக்கு நன்றி, கணக்கு மூடப்பட்டது. அவள் அமைத்த பாதையும் அதனுடன் அழிக்கப்பட்டது.

மகளிடம் சொன்னேன்.

"ஏம்பா சொன்னீங்க?" என்றாள். "அங்க யாருக்கும் தெரியாதே. அந்த ஒரு இடத்துலயாவது அம்மா இருந்தாங்களேப்பா."

இப்போதும் ஞாயிறுகளில் அழைக்கிறாள். மருந்து சாப்பிட்டேனா என்று கேட்கிறாள். அதன்பின் பேச ஒன்றுமின்றி இருவரும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

உண்மையைச் சொன்னவனிடமிருந்து பொருளைப் பறிப்பது எந்த நாட்டு வணிகம்? வாசகரே, வாங்கும் பொத்தானை அழுத்துமுன் அந்தக் கடையை ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் இறந்தபின் இது என் வீட்டாருக்கா, உங்களுக்கா? எழுத்தில் பதில் வரும்வரை ஒரு காசும் கொடாதீர்கள்.