பெரியகருப்பனார் தொழிற்பேட்டை

புதுக்கோட்டை சமஸ்தானம் இருந்தவரை அழகுமலை அம்பலத்துக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. என்றைக்காவது ஒருநாள் அரண்மனையிலிருந்து தன் தகப்பனாருக்குப் பட்டம் வரும் என்று. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவில் கரைந்தபோது செங்காட்டுப்பட்டியில் துக்கம் காத்தவர் அவர் ஒருவர்தான். பெரியகருப்பன் அம்பலம் பட்டமில்லாமலே போய்ச் சேர்ந்தார். அவர் செய்த பொதுக்காரியம் எதுவென்று ஊரில் யாரைக் கேட்டாலும், கொஞ்சம் யோசித்துவிட்டு, "கெடாவெட்டுல நல்லாச் சாப்பிடுவாரு" என்பார்கள்.

எனவே அறுபத்தொன்றில் சர்க்கார் அந்தப் பக்கம் ஒரு தொழிற்பேட்டை கட்டப்போகிறது, நிலம் தருகிறவர் சொல்லும் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள் என்று சேதி வந்ததும், பஞ்சாயத்து பிரசிடெண்டான அழகுமலைக்குத் தூக்கம் போய்விட்டது. அரண்மனை தராததைச் சர்க்கார் தரப்போகிறது. அப்பாவின் பெயரை ஜில்லாவே சொல்ல வேண்டும். அதற்காக எதையும் கொடுக்க அவர் தயாராக இருந்தார், நல்ல நிலத்தைத் தவிர.

இடம் பார்க்க ஒரு டிப்டி டைரக்டர் ஜீப்பில் வந்தார். கண்மாய்க் கரையில் வண்டிச் சக்கரம் செய்யும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களை அம்பலம் அவருக்குக் காட்டினார். ஒரு கொட்டகையில் சக்கரத்தின் நடுக்குடம் கடைந்தார்கள், அடுத்ததில் ஆரக்கால் செதுக்கினார்கள், அதற்கடுத்ததில் சுற்று மரமான வட்டையைப் பூட்டினார்கள். கடைசிக் கொட்டகையில் ஆண்டிச்சாமி, வறட்டி நெருப்பில் பழுக்கக் காய்ந்த இரும்புப் பட்டாவைச் சக்கரத்தில் இறக்கி, "ஊத்து!" என்று ஒரு குரல் கொடுப்பார். குளிக்கிறவர், துவைக்கிறவர், மாடு கழுவுகிறவர் எல்லோரும் கையில் இருப்பதை மொண்டு வந்து ஊற்றுவார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். பட்டா சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும்.

டிப்டி டைரக்டருக்கு மெய்சிலிர்த்தது. "ஒரே தொழில் செய்யறவங்களை ஒரே எடத்துல சேர்க்கணும். அதான் சர்க்கார் கொள்கை," என்றார்.

"சேந்துதானங்க இருக்கோம்," என்றார் ஆண்டிச்சாமி.

"இது தானாச் சேர்ந்தது. திட்டப்படி சேரணும்."

அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். பேட்டை ஷெட்டுக்குப் போன பிறகு கரையில் யாரும் தொழில் செய்யக்கூடாது, அது புறம்போக்கு. அம்பலம் அந்த நிபந்தனையைப் பிரசாதம்போல் வாங்கிக்கொண்டார். ஊருக்கு மேற்கே ஒரு மைல் தள்ளி, காக்காய் உட்கார்ந்தால் கால் சுடுகிற தன் கள்ளிப்பாறையைச் சர்க்காருக்குத் தானம் செய்தார். ஷெட்டுக்குக் கூரை ஏறுவதற்குள் கண்மாய்க் கரையில் முள்வேலி போட்டுத் தென்னம்பிள்ளையும் வைத்துவிட்டார்.

ஆண்டிச்சாமிக்கும் ஆசை இல்லாமல் இல்லை. சிமெண்டுத் தரை, கதவில் நம்பர். அவர் மனைவி அழகி, கொடும்பாளூரில் இருந்த அக்காளுக்கு, "எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சர்க்கார் ஆபீசு குடுத்துருக்கு" என்று சொல்லியனுப்பியிருந்தாள். ஆசாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தண்ணிக்கு என்ன அம்பலம் பண்றது?"

"கெணறு வெட்டித் தாரேன்யா. தெறப்பு விழாவுக்குப் பீப்பாயில கொண்டாந்து வச்சுருவோம். ஒனக்கு எதுக்குய்யா அந்தக் கவலை?"

விழாவுக்கு டிப்டி டைரக்டரே வந்தார். அவர் முன்னால் புதிய ஷெட்டில் முதல் பட்டா இறக்குவது என்று ஏற்பாடு. சக்கரம், கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாடு ஏற்றிவரும் சேக் அலாவுதீன் ராவுத்தருடையது. காலையிலேயே பீப்பாய்களில் தண்ணீர் வந்து இறங்கியிருந்தது. வாசலில் பட்டுத்துணி போர்த்திய பெயர்க்கல் நின்றது. காற்றோ செம்மண்ணை வாரி வாரி அதன்மேல் இறைத்துக்கொண்டிருந்தது. அம்பலத்துக்குப் பொறுக்கவில்லை.

"டேய் இன்னாசி, அந்தப் பீப்பாய உருட்டி ரோட்டுல ஊத்துங்கடா."

சேக் அலாவுதீன் எழுந்தே விட்டார். "அம்பலகாரரே, அது பட்டாவுக்கு வச்ச தண்ணியில்ல?"

"பட்டா கெடக்கட்டும் ராவுத்தரே. அப்பா மேல தூசி விழுதுல்ல!"

"உசுரோட இருந்தப்ப அவரு குளிச்சே நான் பாத்ததில்ல. இப்ப என்ன அவசரம்?"

அம்பலத்துக்கு அது காதில் விழவில்லை. கடைசிப் பீப்பாயும் ரோட்டில் கவிழ்ந்தது. செம்மண் ஒரு நிமிஷம் கறுத்துவிட்டு மறுபடி சிவந்தது.

ஆண்டிச்சாமி இதொன்றையும் பார்க்கவில்லை. அவருக்குச் சட்டை மாட்டி, மாலை போட்டு, மேடையில் உட்காரவைத்திருந்தார்கள். பேச்செல்லாம் முடிந்து கீழே இறங்கியபோது பட்டா பழுத்துக் கிடந்தது. குறடு பிடித்து நாலு பேர் தூக்கினார்கள், சக்கரத்தில் இறக்கினார்கள், ஆசாரி தட்டி உட்காரவைத்தார்.

"ஊத்து!"

வாழ்நாளெல்லாம் அந்தச் சொல்லுக்கு அப்புறம் தண்ணீர் வந்திருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டிப் பார்க்கிற பழக்கமே அவருக்கு இல்லை. கண்மாய்க் கரைக்காரன் எவனுக்கும் இல்லை. ஓடியவர்கள் பீப்பாயைத் தூக்கினார்கள். அது காலியாக எழுந்து வந்தது.

வட்டை புகைந்தது. பிறகு திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. யாரோ மேடையிலிருந்த கோலிசோடாவை உடைத்து ஊற்றினார்கள். ஆண்டிச்சாமி மாலையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பட்டாவைக் கழற்றப் பாய்ந்தார். மாலை கருகியது. கையும் கருகியது.

டிப்டி டைரக்டர் அம்பலத்தின் பக்கம் சாய்ந்தார். "இதுவும் செய்முறைதானா?"

அம்பலம் பெயர்க்கல்லைப் பார்த்தார். துணி இன்னும் விலக்கப்படவில்லை.

"ஆமாங்க. தீயில சுட்டா மரம் உறுதியாயிரும். எங்க ஊரு வழக்கம்."

டிப்டி டைரக்டர் கைதட்டினார். அவர் தட்டினால் மற்றவர்கள் தட்டாமல் இருக்க முடியுமா? ஆசாரி கையைப் பிடித்துக்கொண்டு அலறிய அலறல் அந்தக் கைதட்டலில் அமுங்கிப்போனது. துணி விலகியது. 'பெரியகருப்பனார் தொழிற்பேட்டை' என்று கல் பளபளத்தது. அம்பலத்துக்குக் கண்ணீர் வந்தது. புகையென்று நினைத்தவர்களும் உண்டு.

கிணறு வெட்ட வெடி வைத்தார்கள். பாறைக்குக் கீழே பாறைதான் இருந்தது. மாதக் கடைசியில் ஆண்டிச்சாமி கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றார்.

"பழையபடி கரைக்கே போயிர்றோம் அம்பலம். ஒரு ஓரமாக் கெடந்துக்கிறோம். தென்னைக்கும் நாங்களே தண்ணி ஊத்துறோம்."

"நீங்க அங்கிட்டுப் போயிட்டா பேட்டை காலியாத் தெரியும். காலியாக் கெடந்தா சர்க்காரு கல்லப் பேத்துட்டுப் போயிரும். எங்கப்பா பேரு என்னய்யா ஆகுறது?"

"எங்க பொழப்பு என்ன ஆகுறதுங்க?"

"பொழப்பு எங்கிட்டுப் போனாலும் இருக்கும். பேரு அப்படியா?"

கரைக்காரர்கள் எங்கிட்டோ போனார்கள். குடம் கடைந்தவர்கள் காரைக்குடிப் பக்கம், வட்டை பூட்டியவர்கள் திருச்சிக்கு. வலது கை விரல்கள் ஒட்டிப்போன ஆண்டிச்சாமி, அழகியின் அக்காள் வீட்டு ஆட்டை மேய்க்கக் கொடும்பாளூருக்கு. திட்டம் சேர்க்க நினைத்தவர்கள் நாலு திசைக்குப் பிரிந்தார்கள். கல் மட்டும் இருந்தது.

மறுவருஷம் டிப்டி டைரக்டர் பேட்டையைப் பார்வையிட வந்தார். குன்றாண்டார்கோவிலில் அம்பலம் ஜீப்பில் தொற்றிக்கொண்டார். அவர் வீட்டு வண்டி பட்டா கழன்று கிடந்தது. மாட்டித்தர சுற்றுவட்டாரத்தில் ஆளில்லை. ஊர் எல்லையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. கையில் செம்போடு ஊர்க்காரி ராசாத்தி எதிரே வந்தாள். அம்பலம் வாயைத் திறப்பதற்குள் டிப்டி டைரக்டர் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, பெரியகருப்பனார் தொழிற்பேட்டைக்கு எப்படிப் போகணும்?"

ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவசரமுங்களா?"

"ஆமா, கொஞ்சம் அவசரந்தான்."

"அப்ப இப்படியே நேராப் போங்க. கல்லுக்கு அங்கிட்டு ஆம்பளைங்க. ஷெட்டுப் பக்கம் பொம்பளைங்க ஒதுங்குற எடம், அங்க போயிராதீங்க. தண்ணி கெடையாதுங்க, செம்பு கொண்டாந்தீங்களா? விடிஞ்சா ஊரே பெரியகருப்பங்கிட்டதான போகுது!"

பின் சீட்டில் இருந்த அம்பலத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள். செம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

டிப்டி டைரக்டர் கர்ச்சீப்பை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு, பேட்டை இருந்த திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

"பேட்டை காலின்னு எழுதிருவீங்களாங்க? கல்லை எடுத்துருவாங்களா?" என்றார் அம்பலம்.

"எதுக்குங்க எடுக்கணும்? பொதுமக்கள் தினமும் பயன்படுத்துறாங்க. அப்படியே எழுதிடறேன். கல்லு அங்கேயே இருக்கும். கவலைப்படாதீங்க."