இடித்த கட்டடத்தின் முதல் மாடி

போன செவ்வாய்க்கிழமை கண் மருத்துவமனை வாய்க்கால் ரோட்டுக்கு மாறியது. புதன்கிழமை பழைய கட்டடத்தை இடித்தார்கள். நோயாளிகளில் பாதிப்பேர் இடித்த கட்டடத்துக்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

மருத்துவமனையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். முகவரியை அன்றே மாற்றிவிட்டேன். ஆனால் ஒருமுறை திறந்த பக்கத்தை அவர்களுடைய போன்கள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தன. பழைய பக்கம் பழைய இடத்தைக் காட்டியது. போனார்கள். இல்லாத படியில் ஏறினார்கள். ரோட்டிலிருந்து அண்ணாந்து பார்த்தால், முதல் மாடி உயரத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகள் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை என் அண்ணன் ஆரோக்கியராஜும் அங்கே இருந்தான். பன்னிரண்டு மணிக்கு அவனுக்கு வலது கண்ணில் ஆபரேஷன். தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று சொல்லியிருந்த டாக்டர், வாய்க்கால் ரோட்டில் காத்திருந்தார்.

"அண்ணா, போன்ல பக்கத்தைப் புதுசாத் திற!" என்று ரோட்டிலிருந்து கத்தினேன்.

"சொட்டு மருந்து போட்டிருக்காங்கம்மா. கண்ணைத் திறக்கக் கூடாதாம்."

"யாரு போட்டா?"

"சிஸ்டர்தான்."

போன்கள் எடுத்து வைத்துக்கொள்ளும் பக்கங்களுக்கென்று ஒரு பழைய பிரதிகள் அலுவலகம் இருந்தது; ஆட்டோ பிடித்து அங்கே போனேன். வராந்தா நடக்க நடக்க நீண்டது. ஓடினேன். அதுவும் ஓடியது. கடைசி மேஜையில் இருந்த பெண் அதிகாரி, இணையதளம் தொடங்கியபோது நான் கொடுத்திருந்த படிவத்தைத் தேடி எடுத்தார்.

"பக்கத்தை எவ்வளவு நாள் வச்சுக்கச் சொல்லி போனுங்ககிட்ட சொல்லியிருக்கீங்க?"

"ஒரு வருஷம். பக்கம் சீக்கிரம் திறக்கட்டும்னு போட்டேன் மேடம்."

"அப்போ போனுங்க ஒரு வருஷத்துக்கு யாரையும் கேக்காது. முதல்ல திறக்குற வாசல் பக்கத்தை மட்டும், ஒவ்வொரு வாட்டியும் கேட்டுட்டுத் திறன்னு சொல்லியிருக்கணும். மத்த பக்கங்களுக்கு, மாத்துறப்பல்லாம் புதுப் பேரு வைக்கணும். புதுப் பேரு போன் கையில இருக்காது. கேட்டுத்தானே ஆகணும்?"

"இனிமே செய்றேன். மேல உக்காந்திருக்கவங்க?"

"அவங்ககிட்ட நீங்கதான் போகணும்."

பழைய பக்கத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

பழைய இடத்துக்குத் திரும்பினேன். பிரதியைக் கையில் பிடித்ததும் படிகள் தெரிந்தன. மணி பதினொன்று இருபது. அண்ணன் மூன்றாவது நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.

"பேரைக் கூப்பிடாம எப்படிம்மா எழுந்திருக்கிறது?"

புதுப் பேரு என்று அலுவலகத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. நர்ஸிடம் போனேன். "சிஸ்டர், இவர் பேரு ஆரோக்கியராஜ் ரெண்டு."

நர்ஸ் ஏட்டைப் புரட்டினார். "இந்தப் பேரு இல்லையே. இருங்க, கேட்டுட்டு வரேன்."

சுவருக்குள் போய்விட்டு வந்தார். "இவருக்கு வாய்க்கால் ரோடாச்சே. இங்க எதுக்கு உக்காந்திருக்கார்?"

அண்ணன் எழுந்து இறங்கிப் போனான்.

மற்றவர்களையும் விட மனம் வரவில்லை. வரிசையாகப் புதுப் பெயர் வைத்தேன். ஒருவர் இனிஷியலை மாற்றச் சம்மதிக்கவில்லை. அவருக்கு ஐந்து நிமிடம் போனது. முப்பத்தொன்பது பேரும் இறங்கினார்கள். நான் படியில் கால் வைத்தேன்.

"உங்க பேரு?" என்றார் நர்ஸ்.

"பிரமிளா ரெண்டு."

"இருக்கு. பிரமிளா நூறு வரைக்கும் இருக்கு. வெப்சைட் சோதனைக்குன்னு நீங்களே போட்டதுதான். உக்காருங்க."

"பிரமிளா நூத்தியொண்ணு."

"தனக்குத்தானே வச்சுக்கக் கூடாதுங்க. வேற யாராச்சும் வைக்கணும்."

கீழே ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி அண்ணன் நின்றான். மணி பதினொன்று ஐம்பது.

"பாப்பா, வா!"

நர்ஸ் ஏட்டைப் பார்த்தார். "அதுவும் இருக்கு."

"அண்ணா, எனக்குப் புதுசா ஒரு பேரு வை!"

அவன் யோசித்தான். உதட்டைக் கடித்தான். யோசித்துக்கொண்டேயிருந்தான். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"நீ போ!" என்று கத்தினேன். "கண்ணு போயிடும், போ!"

ஆட்டோ கிளம்பியது. திருப்பத்தில் அண்ணன் தலையை வெளியே நீட்டி ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினான். பின்னால் வந்த பஸ்ஸின் சத்தத்தில் கேட்கவில்லை.

நர்ஸ் பேனாவைத் திறந்தார்.

"என்ன பேரு சொன்னாரு?"