ஒரு டேங்க் கேஸ்

ஹெட்லிக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. வீட்டு அலமாரியில் இருபத்திரண்டு குட்டி நீராவி ரயில் இன்ஜின்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை ஓட்டியிருந்தால் அதிகம். ஒன்று வந்து சேர்வதற்குள் மனசு அடுத்ததற்குத் தாவிவிடும். அப்படித்தான் பதினோரு வருடங்களுக்கு முன்னால், தன் கையால் செய்த பச்சைக் கல்குவாரி இன்ஜினை நண்பர் எம்லினிடம் தள்ளிவிட்டு வேறு எதையோ வாங்கினார். எதை வாங்கினோம் என்பது அவருக்கே மறந்துவிட்டது. பச்சையை விட்டது மட்டும் மறக்கவில்லை.

வேல்ஸில், போர்த்மடோக் ஊரில் எம்லின் வீட்டுத் தோட்டத்தில் இன்ஜின்காரர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். செடிகளுக்கு நடுவே இரண்டு விரல் அகலத் தண்டவாளம். ஆளுக்கொரு முறை, வரிசைப்படி ஓட்ட வேண்டும். மே மாதக் கூட்டத்தில் எம்லின் ஒரு செய்தி சொன்னார். அவரும் மனைவி நெஸ்தாவும் கார்டிஃபில் ஒரு மாடிக் குடியிருப்புக்குப் போகிறார்கள். அங்கே தோட்டம் கிடையாது. பச்சையை யாருக்காவது சும்மாவே கொடுத்துவிடப் போகிறார். ஹெட்லி வெட்கத்தை விட்டு, தனக்குத்தான் வேண்டும் என்றார்.

"தரேன். ஒரு டேங்க் கேஸ் ஓடட்டும். நீ என் பக்கத்துல உக்காந்து டீ குடி. அது தானா நிக்கிற வரைக்கும் கை வைக்கக் கூடாது" என்றார் எம்லின்.

"இவ்வளவுதானா?"

"உன் கல்யாணத்துலயே பாதிரியார் முடிக்கிறதுக்குள்ள எழுந்தவன் நீ" என்றார் நெஸ்தா.

ஹெட்லி ஊசிக்குழாயால் தண்ணீரை நிரப்பினார், எண்ணெய் விட்டார், கொதிகலனைச் சூடாக்கும் கேஸை அதன் குட்டி டேங்கில் ஏற்றினார். கேஸ் தீரும்போது கொதிகலனில் கொஞ்சம் தண்ணீர் மீதி நிற்க வேண்டும். அதனால் கேஸ் நிரப்பும்போதெல்லாம் தண்ணீரும் நிரப்ப வேண்டும். நேற்றுச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும்.

பச்சை கிளம்பியது. ருபார்ப் செடிகளுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஒவ்வொரு சுற்றிலும் முக்கியது. நீராவியைக் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும் என்று ஹெட்லியின் கை நமநமத்தது. முழங்கால் ஆடி, கோப்பையில் இருந்த டீ பாதி சட்டையில் கொட்டியது. தூறல் பிடித்தது. தொப்பியை எடுக்கக்கூட எழவில்லை, எழுந்தால் அப்படியே ஓடிவிடுவோம் என்ற பயம். இருபத்தைந்து நிமிடம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் சுடர் அணைந்து, இன்ஜின் மெல்ல நின்றது.

"உன்னுதுதான்" என்றார் எம்லின்.

ஹெட்லிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வரிசையில் அடுத்தவரின் முறை அது. அவரிடம் கெஞ்சி, தன் சொந்த இன்ஜினாக ஒரே ஒரு தடவை ஓட்ட அனுமதி வாங்கினார். சூடு ஆறுவதற்குள் கேஸை ஏற்றினார், பற்றவைத்தார், விட்டார்.

ஆறாவது சுற்றில் வேகம் குறைந்தது. மேடுதான் காரணம் என்று நினைத்து அவர் நீராவியை இன்னும் திறந்துவிட்டார். பிறகு பெயின்ட் கருகும் வாடை வந்தது. எம்லின் பாய்ந்து வந்து கேஸ் திருகை மூடினார், விரலைச் சுட்டுக்கொண்டார். பச்சைப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கொதிகலனின் மேல்மூடியை இணைத்த உலோகப் பற்று உருகி விட்டுப்போயிருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பதினோரு வருடம் எம்லின் கையில் ஒரு கீறல் படாத இன்ஜின். அவமானத்தில் ஹெட்லியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தனக்கு அருகதை இல்லை, சரிசெய்து தருகிறேன், வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்று தரையைப் பார்த்தே சொன்னார்.

எம்லின் சுட்ட விரலைத் தண்ணீர் வாளியில் முக்கினார்.

"கொதிகலன் வெந்துபோனதை இனிமே யாருய்யா வாங்குவா? இப்பதான் இது நிஜமா உன்னுது. இதை உன்னால வேற யார்கிட்டயும் தள்ளிவிட முடியாது."

ஹெட்லி இன்ஜினை எடுக்கக் கை நீட்டினார். நெஸ்தா நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"கொதிக்குது. ஆறட்டும், உக்காரு."

ஹெட்லி உட்கார்ந்தார். ஆறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.