ஏழாம் இலக்கச் சப்பாத்து

1

அளவில்லை என்று சொன்னால் பறித்துவிடுவார்கள். சொல்லாதே. விரல்களை மடக்கு, குதியை ஊன்று, சிரி.

இது ஆன்சலாவின் மனதுக்குள் ஓடியது. வாயால் அவள் சொன்னது வேறு: "ஓம் அண்ணை, அளவாத்தான் கிடக்கு."

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் இளம்பெண் இருந்தாள். அவள் மடியில் ஒரு சோடித் தோல் சப்பாத்து. கெண்டைக்கால் வரை உயரம். கயிறு இல்லை. கணுக்காலருகே ஒரு வார், மேல்விளிம்பில் ஒரு வார், இரண்டிலும் இரும்புக் கொளுக்கி. பொறியியலாளர்கள் வேலைத்தலத்தில் போடுகிற வகை.

"அண்ணாவின்ரயோ?" என்று கேட்டேன்.

"என்ர" என்றாள்.

றப்பர் செருப்புக்குள் அவள் கால் சிறிதாக இருந்தது. பெருவிரல் நகம் கறுத்திருந்தது. முல்லைத்தீவில் இறங்கிப் போய்விட்டாள். மிச்சம் எல்லாம் என் கற்பனை. பெயரும்கூட.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நாயாற்றுக் கடனீரேரியின் மேல் காலை வெயில் வெள்ளித் தகடுபோல —

வெயிலைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. வெட்டினேன்.

ஒரு சமூகம் தன் பெண்களின் கால்களை எப்படி —

பேச்சுப்போட்டி. இதையும் வெட்டினேன்.

பிறகு சப்பாத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஒரு கிழமை படித்தேன். இந்தவகைச் சப்பாத்து காலுக்கு எப்படி அளவாக இருக்கவேண்டும் என்பதற்குத் தெளிவான விதிகள் இருக்கின்றன. மாலையில்தான் போட்டுப் பார்க்கவேண்டும். பகல் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். வேலைக்குப் போடுகிற தடித்த மேசோடு, அதாவது காலுறையோடு, போடவேண்டும். பெருவிரலுக்கும் முன்பக்க இரும்புக் கவசத்துக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் இடைவெளி. புதுத் தோல் விறைப்பாக இருப்பதால் நடக்கும்போது குதி கொஞ்சம் எழும்பலாம், பழகப் பழக அடங்கும். ஆனால் பாதத்தின் மேற்புறத்தைத் தோல் இறுக்கிப் பிடித்தே ஆகவேண்டும். கயிறில்லாத சப்பாத்தில் காலைப் பிடித்துவைக்க வேறு எதுவும் இல்லை. வார் இருக்கிறதே என்பீர்கள். வார் தோலைத்தான் இறுக்கும், உள்ளே வெறுமையாக இருக்கும் இடத்தை அல்ல.

படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தெரிந்திருக்கிறது மனிதருக்கு! ஒரு விரல் அகலம்வரை யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனைக்குள் நாலாம் இலக்க அளவில் ஒரு பெண்ணின் கால் கொங்கிறீற் தூணில் ஏறும் என்பது மட்டும் வரவில்லை.

3

ஆன்சலாவுக்கு இருபத்தாறு வயது. கடலுக்கு மீன்பிடிக்கப் போகும் குடும்பம். தாய் யூலிற்றா. படித்துப் பொறியியலாளராகி, நாயாற்றுப் பக்கம் பாலம் கட்டுகிற ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். (நிறுவனத்துக்குப் பெயர் வைக்க மாட்டேன். வைத்தால் அது ஒரு நிறுவனத்தின் கதையாகிவிடும்.) அங்கே வேலைத்தலத்தில் நிற்கும் ஒரே பெண் அவள்தான்.

முதல்நாள் களஞ்சியக் காப்பாளர் ராஜரத்தினம் சப்பாத்து எடுத்துக்கொடுத்தார். செட்டிகுளத்தில் காணி பிடித்துக் குடியேறிய மலையகக் குடும்பத்துக்காரர்.

"மிஸ், இருக்கதுலயே சின்னது இதுதான். ஏழு. மத்ததெல்லாம் எட்டு, ஒம்பது, பத்து. போட்டுப் பாருங்க. சரியில்லன்னா வாங்கி வச்சுக்கிறேன்."

வாங்கி வச்சுக்கிறேன்.

அங்கேதான் அவள் "அளவாத்தான் கிடக்கு" என்றாள்.

ஏன் சொன்னாள்? எழுதுகிற எனக்குத் தெரியும். எழுதத்தான் தயக்கம். போர் முடிந்த 2009இல் செட்டிகுளத்து அகதி முகாமில் அவளுக்குப் பத்து வயது. லொறியில் வந்து பிள்ளைகளுக்குச் சப்பாத்துக் கொடுத்தார்கள். முன்னால் நின்ற பிள்ளை "சின்னனாக் கிடக்கு" என்றது. கொடுத்தவர் வாங்கிப் பின்னால் நின்றவரிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை வெறுங்காலோடு திரும்பியது. யூலிற்றா மகளின் கையைக் கிள்ளினாள்: "என்ன தந்தாலும் அளவெண்டு சொல்லு." பெரிய பையன் ஒருவனுடைய சப்பாத்து கிடைத்தது. "அளவு" என்றாள். அன்றைக்கு அங்கே நின்ற எல்லாருக்கும் எல்லாமே அளவாகத்தான் இருந்தது.

*இந்தப் பந்தியை இரண்டுமுறை அழித்தேன். ஒரு சஞ்சிகை ஆசிரியர் முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறார்: "வன்னிப் பெண்ணெண்டா அந்த வலி கொஞ்சம் வரவேணும் அம்மா." இப்போது வந்துவிட்டது. நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள், பக்கத்தைப் புரட்டுவீர்கள். சப்பாத்தை மறந்துவிடுவீர்கள். தயவுசெய்து மறக்காதீர்கள். முகாமைப் பற்றி அல்ல, சப்பாத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். முகாம் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒருத்தியிடம் அளவில்லாததைக் கொடுத்துவிட்டு, "நீதானே அளவெண்டு சொன்னாய்" என்று கேட்கலாம் என்பதைப் பற்றி.*

4

இரண்டு சோடி மேசு. போதவில்லை. முன்பக்கம் பத்திரிகைத் தாள் அடைத்தாள். மழைநாளில் அது களியாகியது. யூலிற்றா பழைய நைலோன் வலைத்துண்டைச் சுருட்டித் திணித்துக் கொடுத்தாள்.

"இது தண்ணி குடியாது."

"அம்மா, விரலை அறுக்குது."

"அறுக்கும்தான். அதுக்காண்டி? வேலை தந்தவங்களிட்டக் குறை சொல்லிக்கொண்டு நிக்காத. உன்னை எடுத்ததே பெரிய காரியம்."

"என்னை எடுத்தவங்கள், என்ர காலை எடுக்கேல்லையே?"

யூலிற்றாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு துண்டைத் திணித்தாள்.

வேலைத்தலத்தில் கம்பி கட்டுகிறவர்கள் அவளை விட்டுவைக்கவில்லை. "மிஸ் நிண்டாப் பிறகும் சப்பாத்து நாலடி நடக்குது" என்றான் ஒருவன்.

"அதுக்கும் சேர்த்துச் சம்பளம் கேக்கப்போறன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான். அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு எரிச்சல். கதாபாத்திரம் என் சொல் கேட்கமாட்டேன் என்கிறது. நான் கோபப்படச் சொன்ன இடத்தில் அவள் பகிடி விடுகிறாள்.

(கடையில் வாங்கியிருக்கலாமே என்று கேட்கப்போகிறீர்கள். வவுனியாவில் கடைகடையாக ஏறியிருக்கிறாள். பெண்கள் பகுதியில் பூ வைத்த சப்பாத்து. சிறுவர் பகுதியில் பள்ளிக்கூடச் சப்பாத்து. இரும்புக் கவசம் வைத்தது கேட்டபோது விற்பனைப் பெண் "ஆருக்கு அக்கா, அவருக்கோ?" என்றாள். வெளியே வாங்கினாலும் பயனில்லை. நிறுவனம் அங்கீகரித்த வகையைத் தவிர வேறெதையும் போட்டுக்கொண்டு உள்ளே போகமுடியாது.)

5

கொங்கிறீற் கொட்டுவதற்குமுன் பொறியியலாளர் இறங்கிக் கம்பிக்கட்டைப் பார்க்கவேண்டும். அது அவள் வேலை. அவள் மிகவும் விரும்பிய வேலை. கையால் ஒவ்வொரு கட்டாகத் தொட்டுப் பார்ப்பாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏணியில் இறங்கும்போது குதி சப்பாத்துக்குள் எழும்பியது. கால் ஒரு பக்கம் திரும்பியது, சப்பாத்து திரும்பவில்லை. கம்பிமேல் விழுந்தாள். சப்பாத்து மட்டும் ஏணிப் படிகளுக்கிடையில் சிக்கித் தொங்கியது.

அதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பிறகுதான் இரத்தத்தைக் கண்டார்கள்.

திட்ட முகாமையாளர் நிஷாந்தன் தன் வாகனத்திலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கெண்டைக்காலில் தையல் போடும்வரை வெளியே நின்றார். இளநீர் வாங்கிக் கொடுத்தார். இவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். எழுதும்போது ஒரு குரூரத்தைச் சேர்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனிதர்தான். திரும்பி வரும்போது நல்ல மனிதராகவே சொன்னார்: "பாத்து நடக்கேலாதோ தங்கச்சி?"

6

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. அவள் இரண்டு சப்பாத்தையும் கழற்றிக் கடனீரேரியில் வீசுகிறாள். பின்னால் சூரியன் — வேண்டாம். சினிமா. சம்பளத்தில் கழிப்பார்கள்.

ஆ. நிஷாந்தன் மனம் வருந்தி வெளிநாட்டிலிருந்து நாலாம் இலக்கச் சப்பாத்தை வரவழைக்கிறார். அவள் போட்டுப் பார்க்கிறாள், கண்ணீர் — எழுதும்போது எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் பொறுத்திருந்தால் எல்லாம் வரும் என்று சொல்கிற கதை அது. பொறுத்திருக்கச் சொல்ல நான் யார்?

இ. அவள் இன்னொருமுறை விழுகிறாள். இம்முறை உயரத்திலிருந்து. மறுமாதம் எல்லா வேலைத்தலங்களுக்கும் எல்லா அளவிலும் சப்பாத்து வருகிறது. இப்படித்தான் எங்கும் நடக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சோடிச் சப்பாத்து வாங்குவதற்காக அவளை நான் கொல்லமாட்டேன்.

ஆகவே அவளை ஒரு பதில்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன். அதற்குப் பிறகு அவள் தூணில் நிற்கிறாளா, மேசையில் இருக்கிறாளா என்பதை நீங்கள் எழுதுங்கள். ஒரேயொரு நிபந்தனை: அவள் காலைப் பெரிதாக்காதீர்கள்.

7

தையல் வெட்டிய மறுநாள், தலைமையகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி விசாரணைக்கு வந்தார். அவர் உள்ளே வருமுன் நிஷாந்தன் ஆன்சலாவைக் கொள்கலன் அலுவலகத்தில் தனியே இருத்திக் கதைத்தார்.

"ஒரு கேள்விதான் கேப்பார். சப்பாத்து அளவோ எண்டு. அளவெண்டு சொல்லும். கவனமில்லாமல் விழுந்திட்டன் எண்டும் சொல்லும். ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும். நாளைக்கே நீர் சைற்றில நிக்கலாம்."

"அளவில்லை எண்டு சொன்னா, சேர்?"

"அளவான சப்பாத்து இல்லாத ஆளை உள்ள விடேலாது. அது விதி. வாறவரைக்கும் ஒஃபிஸ்தான்."

"எப்ப வரும்?"

"ஓடர் போட்டாத்தானே வரும்."

"ஓடர் போடுவியளோ?"

நிஷாந்தன் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். "ஒரு சோடிக்கு ஆர் ஓடர் எடுப்பான், நீரே சொல்லும். வரமுதல் பாலமும் முடிஞ்சிடும். நான் உமக்காண்டித்தான் சொல்லுறன். உம்மட கம்பிக்கட்டை வேற ஆரும் பாக்கிறது உமக்கு விருப்பமோ?"

விருப்பமில்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். நல்ல மனிதர் என்று எழுதியதை அடிக்கவேண்டும் போல எனக்கு இருக்கிறது. அடிக்கவில்லை. நல்ல மனிதர்கள்தான் இதைக் கேட்கிறார்கள்.

அதிகாரி வந்து இருந்தார். கொழும்புக்காரர், அவசரமில்லாத முகம். மேசையில் அந்தச் சப்பாத்தை வைத்திருந்தார்கள். துடைத்திருந்தார்கள்.

"மிஸ் ஆன்சலா, இத வாங்கும்போது அளவு சரின்னு சொல்லியிருக்கீங்க."

"ஓம் சேர். சொன்னனான்."

"அப்ப இப்பவும் சரிதானே? அதை மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதும்."

நிஷாந்தன் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். வெளியே கம்பி வெட்டுகிற சத்தம். மூன்றாம் தூணுக்கு அன்றைக்குக் கட்டு முடியும். அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பிறகு சப்பாத்தை இரண்டு கையாலும் எடுத்து, அதிகாரியின் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"இல்லை சேர்" என்றாள். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல். "அப்பிடி இனிச் சொல்லமாட்டன்."