ஒன்பதாவது விக்கெட்டுக்குப் பிறகு

மைதானத்தின் காஸ் கம்பெனிப் பக்கமிருந்து பந்து போடுகிறவன் மேட்டில் ஏறி ஓட வேண்டும். காற்றும் முகத்தில்தான் அடிக்கும். பதினோரு வருஷமாக அந்த முனை பெர்ட் ஆல்சப்புடையது. யாரும் அவனுக்கு அதை எழுதிக் கொடுக்கவில்லை. அணியில் சேர்ந்த அன்று கேப்டன் பந்தைக் கொடுத்து அந்தப் பக்கம் கையைக் காட்டினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று கேப்டன்கள் மாறினார்கள், முனை மாறவில்லை.

எதிர்முனையிலிருந்து இறக்கத்தில், காற்று முதுகைத் தள்ள ஓடி வருகிறவன் ரே டான்வர்ஸ். இங்கிலாந்துக்கு ஆடியவன், சிகரெட் விளம்பரத்தில் சிரிப்பவன். பெர்ட் ஓட்டமே கொடுக்காமல் ஆட்டக்காரர்களைக் கட்டிப் போடுவான். பொறுமை இழந்தவர்கள் டான்வர்ஸ் பந்தில் மட்டையை வீசி அவுட் ஆவார்கள். மறுநாள் பேப்பரில் டான்வர்ஸின் பெயர் வரும். பெர்ட்டுக்கு இதில் பெரிய குறை கிடையாது. டான்வர்ஸ் நிஜமாகவே நல்ல பந்துவீச்சாளன்தான்.

ஆனால் இந்த வருஷம் பெர்ட்டுக்கு விக்கெட் தேவைப்பட்டது. ஆட்டப் பருவம் தொடங்கிய மே மாதமே செக்ரட்டரி மேஜர் பில்பீம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "முப்பத்துநாலு வயசாச்சு ஆல்சப். ஐம்பது விக்கெட் எடு, அடுத்த வருஷத்துக்கும் வச்சுக்கறோம். இல்லேன்னா கமிட்டி கையை விரிச்சுடும்." கையை விரித்தால், குளிர்காலத்தில் மட்டும் போய்க்கொண்டிருந்த கரி மண்டிக்கு அவன் வருஷம் முழுக்கப் போக வேண்டியதுதான்.

செப்டம்பரில் கடைசி மேட்ச். அதன் முதல் இன்னிங்ஸோடு அவனுக்கு நாற்பத்தொன்பது ஆகியிருந்தது. காலையில் ரொட்டியும் சீஸும் டப்பாவில் வைத்துக் கொடுத்த மனைவி ஐவி, "ஒண்ணுதானே?" என்றாள்.

"ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

இரண்டாவது இன்னிங்ஸில் டான்வர்ஸுக்குப் பேய் பிடித்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் நாலு, பின் ஐந்து. பெர்ட்டின் பந்துகள் மூன்று தடவை மட்டையின் விளிம்பை உரசுவதுபோல் போயின, உரசவில்லை. எதிர் அணியின் கடைசி ஆள் ஜெங்க்ஸ் மட்டையைச் சுழற்றிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தபோது கேப்டன் லெவின்டன் பெர்ட்டின் அருகே வந்தார். அவர் சம்பளம் வாங்காமல் ஆடும் கனவான். கழுத்தில் பட்டுத் துணி கட்டியிருப்பார்.

"ஆல்சப், ரேக்கு ஒன்பது ஆயிடுச்சு."

"பார்த்தேன் சார்."

"பத்தையும் ஒருத்தனே எடுக்கறதுங்கறது ஆயுசுல ஒரு தடவை. நம்ம கவுண்டி டீம்ல இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லை. நீ ஸ்டம்ப் பக்கமே போடாதே. ஜெங்க்ஸுக்கு எட்டாம வெளியே தள்ளிப் போட்டுட்டு வா."

இது எல்லா அணியிலும் உள்ள வழக்கம்தான். மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. பெர்ட் பந்தைத் தொடையில் தேய்த்தான்.

"எனக்கு இன்னும் ஒண்ணு வேணும் சார். மேஜர் ஐம்பதுன்னு சொல்லியிருக்கார்."

"அதை என்கிட்ட விடு. சாயங்காலம் கமிட்டி உட்காருது. நான் பேசறேன்."

"சரி சார்."

அந்த ஓவர் முழுவதையும் ஜெங்க்ஸுக்கு எட்டாமல் போட்டான். ஜெங்க்ஸ் அவனைப் போலவே கூலிக்குப் பந்து போடுகிறவன், பல வருஷப் பழக்கம். மட்டையில் சாய்ந்துகொண்டு, "யோவ் பெர்ட், இது எனக்கா, அம்பயர் வீட்டம்மாவுக்கா?" என்றான். கூட்டம் சிரித்தது. அடுத்த ஓவரில் டான்வர்ஸ் ஆறு பந்தும் வேகமாக வீசினான். எதுவும் ஸ்டம்பில் படவில்லை.

மறுபடி பெர்ட். மூன்று பந்துகள் வெளியே போயின. நாலாவதுக்கு ஜெங்க்ஸ் பொறுக்கவில்லை. "நானும் ரெண்டு ரன்னு எடுத்துட்டுப் போறேன்யா" என்று இரண்டடி தாண்டி வந்து மட்டையை வீசினான். விளிம்பில் பட்ட பந்து நேராக ஸ்லிப்புக்குப் போனது. அங்கே நின்றது டான்வர்ஸ். நெஞ்சு உயரத்தில், குழந்தைகூடப் பிடிக்கும் வேகத்தில் வந்தது. அவன் கைகள் உயர்ந்தன, பிறகு விலகின. பந்து மார்பில் பட்டுப் புல்லில் விழுந்தது.

கூட்டம் புரிந்துகொண்டு கைதட்டியது. விக்கெட் கீப்பர் ஹெர்பர்ட் கையுறையைச் சரிசெய்துகொண்டே, "கண்ணுல வெயில் பட்டிருக்கும்" என்றான். காலையிலிருந்து வானம் மூட்டமாகத்தான் இருந்தது.

பெர்ட் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தான். ஐந்தாவது பந்துக்கு மேட்டில் ஏறி ஓடி வந்தவன் முழு பலத்தையும் சேர்த்து நேராக நடு ஸ்டம்பின் அடிக்கு வீசினான். அன்று அவன் போட்டதில் அதுதான் நல்ல பந்து. பதறிப்போய் ஜெங்க்ஸ் மட்டையை இறக்கினான். உள் விளிம்பில் பட்ட பந்து, ஸ்டம்பை மயிரிழையில் தாண்டிக் கீப்பரின் கால்காப்பில் மோதி நின்றது.

"ஆல்சப்!"

கேப்டன் வேகமாக நடந்து வந்தார். "என்ன அது?"

"கை நழுவிடுச்சு சார்."

"இனிமே நழுவக் கூடாது."

கடைசிப் பந்தை வெளியே போட்டான். அடுத்த ஓவரின் முதல் பந்தில் ஒரு ரன் ஓடி ஜெங்க்ஸ் எதிரே வந்தான், இரண்டாவது பந்தில் டான்வர்ஸ் அவன் ஸ்டம்பைப் பெயர்த்தான். வேலியைத் தாண்டி ஜனங்கள் ஓடி வந்தார்கள்.

கூலி ஆட்டக்காரர்களின் அறை கீழ்த்தளத்தில், ஒற்றைக் குழாயோடு இருக்கும். அரை மணி நேரமாகியும் பெர்ட் ஒரு பூட்ஸை மட்டுமே கழற்றியிருந்தபோது மேஜர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஆல்சப், கமிட்டி முடிஞ்சுது. வருத்தமாத்தான் இருக்கு."

"கேப்டன் பேசறேன்னு சொன்னார் சார்."

"பேசினாரே! ரொம்ப உயர்வாப் பேசினார். இன்னிக்கு நீ செஞ்சதை எல்லாம் சொன்னார். எல்லாரும் மேசையைத் தட்டினாங்க. ஆனா கணக்குன்னு வந்தா நாற்பத்தொன்பதுதானே?"

"அந்த கேட்ச்…"

"கேட்ச் விடறதெல்லாம் ஆட்டத்துல சகஜம்ப்பா." மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பேப்பர்காரங்க வந்திருக்காங்க. மொத்த டீமும் வெளியே நிக்கணுமாம். சீக்கிரம் வா."

பெர்ட் பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டான். கயிற்றை முடியாமல் அப்படியே செருகிக்கொண்டு படியேறினான்.

வெளியே கேமராக்காரன் ஆட்களை இங்குமங்கும் நகர்த்திக்கொண்டிருந்தான். நாயகனைத் தோளில் தூக்கி வைத்தால்தான் படம் நன்றாக இருக்குமாம். கேப்டன் சுற்றிலும் பார்த்தார். "ஆல்சப், நீ வா. அந்தப் பக்கம் ஹெர்பர்ட்."

இருவரும் குனிந்து டான்வர்ஸைத் தூக்கினார்கள். அவன் பந்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். வியர்வையும் ஷாம்பெயினும் கலந்து மணத்தன. கமிட்டி விஷயம் அவன் காதுக்கு இன்னும் வரவில்லை. குனிந்து பெர்ட்டின் காதில் சொன்னான்.

"நீ செஞ்சதை மறக்க மாட்டேன்டா. அடுத்த வருஷம் உனக்கு ஒன்பது வரட்டும், நான் தள்ளிப் போடறேன். சத்தியம்."

பெர்ட் பாரம் சரியாமல் இருக்கக் காலை அகற்றி வைத்தான்.

"கீழே இருக்கறவரே," என்று கேமராக்காரன் கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து கத்தினான், "உங்க தலை பந்தை மறைக்குது. கொஞ்சம் குனிங்க."

பெர்ட் தலையைக் குனிந்தான்.

"இன்னும்."

இன்னும் குனிந்தான்.