இந்த முகம் போதுமா?

பல் டாக்டர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மூக்கைத்தான் செதுக்கிக்கொண்டிருந்தார். ஹால் சுவரில் பாதியை அடைத்திருந்த டிவியில் ஒரு மொட்டைத்தலை முகம் இடமும் வலமுமாகத் திரும்பி அவருக்குத் தரிசனம் கொடுத்தது. மூக்கின் நுனியை மயிரிழை அளவுக்கு ஏற்றினார். பிறகு இறக்கினார். எழுந்து நாலடி பின்னால் போய், சிலை வடிப்பவர் மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடியும் ஏற்றினார். முகத்துக்குக் கீழே அந்தக் கேள்வி வழக்கம்போலப் பொறுமையாகக் காத்திருந்தது: 'இந்த முகம் போதுமா? பிறகு மாற்ற முடியாது.'

ஆட்டத்தின் பெயர் 'ஏழாம் கோட்டை'. வீடியோ கேம்களிலேயே இரக்கமற்றது என்று பெயரெடுத்தது. முதலில் நம் வீரனுக்கு ஒரு முகம் அமைத்துக் கொடுக்க வேண்டும். அது முடிந்தால் கொட்டும் மழையில் ஒரு பெரிய கதவு. கதவருகே ஒரு காவல் பூதம். பூதம் திரும்பிப் பார்த்தால் நம் கதை முடிந்தது. டாக்டர் இதை வாங்கியது போனதற்கு முந்தின மழைக்காலத்தில். அதற்குப் பிறகு வெளியே இன்னொரு மழைக்காலமே வந்து போய்விட்டது. வீரன் தலையில் இன்னும் ஒரு சொட்டு விழவில்லை.

அதற்காக அவர் சும்மா இருந்தார் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பழைய டிவியில் ஆடுவது ஏழாம் கோட்டைக்கு மரியாதை இல்லை என்று இந்தப் பெரிய டிவியை வாங்கினார். பெரிய டிவிக்கு எதிரே சாதாரண நாற்காலி போட்டால் முதுகு போய்விடும் என்று, முழுக்கச் சாய்கிற ஒரு நாற்காலியை வாங்கினார். காதுக்கு ஹெட்செட் வந்தது. கண்ணுக்குத் தனி விளக்கு வந்தது. எல்லாம் வந்து சேர்ந்த பிறகு இனி சாக்கு ஒன்றும் மிச்சமில்லையே என்று அவர் கலங்கியிருந்த நேரத்தில்தான், வீரனின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். அப்படி ஒரு தாடையோடு ஒருவனைச் சண்டைக்கு அனுப்ப அவர் படித்த படிப்பு இடம் கொடுக்கவில்லை. தாடையைத் திருத்தினால் மூக்கு பெரிதாகத் தெரிந்தது. மூக்கைத் திருத்தினால் தாடை உள்வாங்கியது. நல்ல காலம்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடக்கும் கூத்து. வெளியே, ஏழாம் கோட்டைக்கென்றே இணையத்தில் இயங்கிய குழுவில், அவருக்கு 'ஆசான்' என்று பெயர். பூதத்தின் இடது தோள் பலவீனமானது என்று அவர் எழுதிய நீண்ட கட்டுரையை அங்கே மனப்பாடமாகச் சொல்வார்கள். இடது அல்ல, வலது என்று 'கோட்டைப்புலி' என்ற ஆசாமி மறுத்து எழுத, குழு இரண்டாகப் பிளந்து, பாதிப் பேர் வெளிநடப்புச் செய்து, போக வேறு இடமில்லாமல் திரும்பி வந்தார்கள். டாக்டருக்கு அந்தக் குழு ஏன் அத்தனை முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள அவருடைய தொழிலை நினைத்துப் பார்த்தால் போதும். நாள் முழுக்க அவர் பேசுவார். கேட்பவர்களின் வாயில் பஞ்சு இருக்கும். வாயைப் பிளந்துகொண்டு கேட்கும் கூட்டம் என்று பெருமைப்படலாம்தான், ஆனால் ஒருவரும் 'சபாஷ்' என்று சொன்னதில்லை. குழுவில் சொன்னார்கள்.

அந்தக் குழுவுக்கு அண்மையில் 'பச்சைமிளகா' என்று ஒருவர் புதிதாக வந்தார். வந்த அன்றே ஒரு கேள்வி கேட்டார்: "ஆட்டத்தை ஆரம்பிக்க எந்தப் பொத்தானை அமுக்கணும்?" திரையின் ஓரத்தில் ஏதோ ஒரு குறி சின்னதாகக் காட்டியிருந்தது உண்மை. அந்தக் குறி கையிலிருக்கும் கன்ட்ரோலரில் எங்கே இருக்கிறது என்றுதான் அவர் கேட்டார். குழு சிரித்தது. ஆசான் மட்டும் பெருந்தன்மையோடு, ஆரம்பம் என்பது பொத்தானில் இல்லை, அது ஒரு மனநிலை என்று நாலு பத்தி எழுதினார். எல்லோரும் கைதட்டினார்கள். பச்சைமிளகா அதைப் படித்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க ஆசானே. பொத்தான் எதுங்க?" என்றார். பிறகு அவரே ஒரு யோசனையும் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை காலை ஆசான் தன் வீட்டிலிருந்து நேரலையில் ஆடிக் காட்டட்டும், நாங்கள் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம். குழு ஆர்ப்பரித்தது. ஆசானால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் ஆசான் பட்டம் என்னாவது?

அந்த ஞாயிறுதான் இது. ஒலி சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க நேரலையை முன்கூட்டியே போட்டுவிட்டு, ஹெட்செட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, மின்சாரம் போகாதா என்று அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

வந்தது மச்சான். டாக்டருடைய மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஸ்டியரிங்கைத் தொடப் பயந்து அழுபவர்களையே அதட்டி உருட்டி நெடுஞ்சாலையில் ஏற்றிவிடுகிற குரல் அவருக்கு. அந்தக் குரல் இன்று ஒரு பக்கக் கன்னத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

"நானா வரல மாப்ள," என்றார் உள்ளே வந்ததும். "உங்க வீட்டம்மா போன்ல மிரட்டினா."

"மிரட்டாம? ராத்திரியெல்லாம் அண்ணி தூங்கலையாம். இவரு முனகறதுல பக்கத்து வீட்டு நாயே வாயடைச்சுப் போச்சாம்," என்றாள் டாக்டரின் மனைவி. கிளினிக்கில் டோக்கன் கொடுத்து, பயந்தவர்களைத் தட்டிக்கொடுத்து உள்ளே அனுப்புவது அவள்தான். யார் எந்த நிமிடத்தில் நழுவி ஓடுவார்கள் என்று செருப்பைக் கழற்றும் விதத்திலேயே சொல்லிவிடுவாள். அண்ணன் செருப்பையே கழற்றவில்லை.

மச்சான் நேராகப் போய் அந்தச் சாய்வு நாற்காலியில் விழுந்தார். விழுந்தவர் அதிலிருந்த கன்ட்ரோலரின் மேல்தான் உட்கார்ந்தார். டிவியில் வீரனின் மூக்கு மெல்ல இடப்பக்கமாக நகர்ந்து, காதை விசாரிக்கப் போகிறாற்போல் வளைந்து நின்றது. டாக்டர் கவனிக்கவில்லை. அவர் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரூட் கெனால் பண்ணணும் மச்சான். போன தடவையே சொன்னேன்."

"பண்ணலாம் பண்ணலாம். எதையும் தெரிஞ்சுக்காம இறங்கக் கூடாது பாருங்க. வீடியோ எல்லாம் பார்த்துட்டேன். நரம்பை எடுக்கற ஊசியில ரெண்டு வகை இருக்காம். உங்ககிட்ட இருக்கறது வளையற வகையா, வளையாத வகையா? அதுல ஒரு கட்டுரை இருக்கு, அதைப் படிச்சு முடிச்சிட்டு..."

டாக்டருக்குச் சுர்ரென்று ஏறியது.

"படிச்சது போதும் மச்சான்! எல்லாத்தையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு எதையும் ஆரம்பிக்காம இருக்கறதுக்குப் பேரு அறிவு இல்ல. பயம். வெறும் பயம். முதல் நிமிஷம்தான் கஷ்டம். உட்கார்ந்துட்டா முடிஞ்சிடும்."

மனைவி மெதுவாகத் திரும்பி டிவியைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க," என்றாள். "அதையே அந்த மொட்டைத்தலையனைப் பார்த்து ஒரு தரம் சொல்லுங்களேன்."

மச்சானுக்கு வலியிலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அதானே! மாப்ள, நீங்க எனக்குப் பாடம் எடுக்கறீங்க! போன வருஷம் நான் வந்தப்பவும் இதே மூஞ்சிக்கு இதே மூக்கை ஒட்டிட்டிருந்தீங்க. இன்னிவரைக்கும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த ஆட்டத்தை ஆரம்பிச்சிருக்கீங்களா?"

"அது வேற விஷயம்," என்றார் டாக்டர். சொல்லும்போதே மேஜைமேல் இருந்த ஹெட்செட்டில் மைக் விழித்திருப்பதைக் காட்டும் சின்னச் சிவப்பு விளக்கு எரிவது அவர் கண்ணில் பட்டது.

டிவியின் ஓரத்தில் குழுவின் செய்திகள் வரும் கட்டத்தைப் பார்த்தார். குழு மொத்தமும் வந்திருந்தது. எப்போதும் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு பேசும் கூட்டம், ஒரு எழுத்தைக் கூட அனுப்பாமல் உட்கார்ந்திருந்தது. ஆசான் என்ற பட்டம் தன் தலையிலிருந்து கழன்று தரையில் உருளும் சத்தம் அவருக்குத் துல்லியமாகக் கேட்டது. ஹெட்செட்டைப் பிடுங்கி எறியலாம். மின்சாரம் போய்விட்டதாகச் சொல்லலாம். மச்சானைப் பைத்தியம் என்று சொல்லலாம், பாதி உண்மைதான். ஒன்றுக்கும் கை எழவில்லை.

முதல் செய்தி வந்தது. கோட்டைப்புலி.

"ஆசானே, நானும் இன்னும் மூக்குலதான் இருக்கேன்."

அதற்குப் பிறகு அணை உடைந்தது. ஒருவர் புருவத்தில் நின்றுவிட்டாராம். ஒருவருக்கு மீசை வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் ஒருமித்த கருத்து இல்லையாம். இன்னொருவர் டப்பாவைப் பிரிக்கவே இல்லையாம், பிரித்தால் ஆட வேண்டியிருக்குமே என்று. பூதத்தின் நடை, மூச்சு, கோபம் எல்லாவற்றையும் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்த அந்த மகாசபையில் பூதத்தை நேரில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

டாக்டருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. ஹெட்செட்டைத் தூக்கி வாயருகே வைத்துக்கொண்டார். "யோவ் புலி! அப்புறம் என்ன தைரியத்துல வலது தோள்னு என்கூட அத்தனை சண்டை போட்டே?"

"நீங்க இடதுன்னு எழுதினீங்க. ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா என்ன சுவாரசியம்னு வலதுன்னேன். நீங்க எதை வெச்சு இடதுன்னீங்க ஆசானே?"

ஆசான் இருமினார். வேறு பாஷையில் யாரோ எழுதியதை அரைகுறையாகப் புரிந்துகொண்டு எழுதியது அது. அந்தப் பாஷையில் இடதுக்கும் வலதுக்கும் என்ன சொல்வார்கள் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

"அப்ப பொத்தான் எதுன்னு யாருக்குமே தெரியாதுங்களா?" என்று கேட்டார் பச்சைமிளகா.

அதற்குள் மச்சான் "ஐயோ" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். சிரித்த சிரிப்பு பல்வலியைக் கிளப்பிவிட்டிருந்தது. பெரிய உடம்பு நாற்காலியில் சுருண்டது. கண்ணோரத்தில் நீர். டாக்டர் ஹெட்செட்டைக் கீழே வைத்துவிட்டு விளக்கைத் தாழ்த்தினார், நாற்காலியைச் சாய்த்தார், மேஜை இழுப்பறையிலிருந்த கையுறையை மாட்டினார். இதற்கெல்லாம் அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் குரலே மாறிவிட்டது.

"வாயைத் திறங்க மச்சான். இன்னிக்கு ஒண்ணும் பண்ணல. பார்க்க மட்டும் செய்யறேன்."

"சத்தியமா?"

"உங்க தங்கச்சி மேல சத்தியமா."

"என் மேல எதுக்குங்க, உங்க டிவி மேல பண்ணுங்க," என்றாள் அவள்.

"கையில எதையாவது பிடிச்சுக்கக் கொடுங்க மாப்ள. ஸ்டியரிங் மாதிரி." சொல்லிக்கொண்டே மச்சான் தனக்கு அடியில் குத்திக்கொண்டிருந்த கன்ட்ரோலரை இழுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். வாயைத் திறந்தார். முழுக்க, மறைக்காமல், கடைவாய் வரைக்கும்.

டாக்டரின் விரல் அந்தப் பல்லை மெல்லத் தொட்டது. மச்சானின் இரண்டு கைகளும், லாரி எதிரே வந்துவிட்டதைப் போல, கன்ட்ரோலரைப் பிழிந்தன.

டிவி கறுப்பானது. கேள்வி மறைந்தது. அறை முழுக்கத் திடீரென்று மழைச் சத்தம். மனைவி நிஜ மழை என்று நினைத்துக் கொடியில் காயும் துணியைப் பார்க்க ஓடி, பாதியில் நின்றாள்.

திரையில், கொட்டும் மழையில், பிரமாண்டமான கதவின் முன்னால், மூக்கு இடப்பக்கம் கோணிய ஒரு மொட்டைத்தலையன் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தான். ஓரத்துக் கட்டத்தில் ஒரே ஒரு செய்தி வந்தது: "எந்தப் பொத்தானுங்க?"

டாக்டர் விரலை எடுக்கவில்லை. மச்சான் ஒற்றைக் கண்ணைத் திறந்து, வாயை மூட முடியாமல், டிவியைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க," என்றார் டாக்டர், திரையிலிருந்து பார்வையை எடுக்காமல். "அசையாம இருங்க. அவ்வளவுதான்."

கோணல் மூக்கின் நுனியில் முதல் மழைத்துளி திரண்டு தொங்கியது. கதவருகே, பாறை என்று நினைத்திருந்த ஏதோ ஒன்று மெல்ல எழுந்து, தலையைத் திருப்பத் தொடங்கியது.